இரண்டாவது எடை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. அன்னூர் நூற்பாலையின் எடைமேடை ஆபரேட்டர் நசீர் பேசினார். "ஏனுங்க, அம்மணி இங்க மயங்கி உழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தோமுங்க..." என் மனைவி சுகந்தியின் கடைசி நிமிடத்தில் பக்கத்தில் இருந்தவர் அவர். அந்த இடம் என்னுடையது.

நம் சாஃப்ட்வேர் அலுவலகத்தில் அவளோடு வேலை செய்தவர்களுக்கு அந்த ஆலை நினைவிருக்கும். வேகத்துக்காக லாரி எடைகளை டிஸ்க்கில் எழுதாமல் மெமரியிலேயே வரிவரியாக வைக்கும் டேபிளை நான்தான் எழுதினேன். மதியத்துக்குள் நிரம்பி நின்றுவிடும். மெமரியைக் கூட்டினேன், மறுபடியும் நிரம்பியது. சுகந்தி புரோகிராமைத் தொடாமல், ஒரு பகல் எடை அறையில் உட்கார்ந்து பார்த்தாள். பஞ்சு இறக்கிய லாரிக்காரர் டீ குடித்து "வாரேனுங்க" என்று சொல்லும்வரை நசீர் டேபிளில் அந்த வண்டிக்கான வரியை மூடுவதில்லை.

"டீ குடிக்கறப்பவே மூடினா, கெளம்புன்னு சொல்ற மாதிரி இருக்குமுங்க அம்மணி."

"உங்க மரியாதையில மெமரி ரொம்பிப்போச்சுங்ண்ணா!"

சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தாளாம். காலி வண்டியின் எடை, அதாவது இரண்டாவது எடை விழுந்ததும், வரி தானாக டிஸ்க்குக்குப் போய் மெமரியை விட்டு நீங்கும்படி மாற்றினாள். டீ அதன் பாட்டுக்கு நடந்தது. பாராட்டு அவளுக்கு, அந்தச் சிரிப்பு நசீருக்கு. இரண்டையும் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

"கரண்டு இருக்கற வரைக்குந்தான் மெமரிக்கு ஞாபகம்" என்று எல்லாரிடமும் சொல்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சோதனைக்காக ஸ்கூட்டரோடு தானே மேடையில் ஏறி எடை போட்டிருக்கிறாள். வண்டியை நிறுத்திவிட்டு அறைக்குள் வந்தவள் விழுந்துவிட்டாள். இரண்டாவது எடை விழவில்லை. அந்த வரி இன்னும் மெமரியில் மட்டும் இருக்கிறது. நசீர் யாரையும் கம்ப்யூட்டரை அணைக்க விடவில்லை.

நேற்று அழைத்தார். "நாளைக்கு ஒம்பது மணிக்கு மாசாந்தரக் கரண்டு கட்டுங்க. யூ.பி.எஸ். தாங்காது. காலி ஸ்கூட்டர நானே ஏத்திப்போடட்டுங்களா?"

"தொடாதீங்க. நான் வாரேன்."

இதை உங்களுக்கு எழுதி முடித்ததும் காந்திபுரத்தில் பஸ் ஏறுகிறேன். ஸ்கூட்டரை நானே தள்ளி ஏற்றுவேன். முதல் எடையில் அதைக் கழித்தால் வருவது சுகந்தி. லாரி மேடை, துல்லியமாகக் காட்டாது, பரவாயில்லை. எனக்கு மிஞ்சுவது அந்த எண்தான். அது திரையில் வரும்போது நசீரை வெளியே டீ குடிக்கச் சொல்வேன்.

நான் போய்ச் சேருமுன் கரண்டு போய்விட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. செல்போனை அணைத்துவிட்டேன்.