துரையின் படகுக்குப் போட்ட ஒட்டு

பிள்ளைகளே, எனக்கு ஃபிட்டர் வேலை கிடைத்த கதையை உங்கள் அம்மா வேறு மாதிரி சொல்லியிருப்பாள். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், விராலிமலைக்குப் போகும் ரோட்டோரம் எனக்கு ஒரு சைக்கிள் கடை. படித்தது ஐந்தாம் வகுப்பு. மழை பொய்த்த வருஷங்கள் அவை. குடிதண்ணீருக்குக் குழாய்க்கிணறு தோண்ட வெள்ளைக்காரத் துரை ஒருவர் மெஷினோடு வந்திருந்தார். தண்ணீர் இல்லாத ஊர் என்று தெரிந்து வந்தவர், கூடவே ஒரு பாய்மரப் படகையும் கொண்டுவந்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. துரை ஆயிற்றே.

ஐப்பசியில் நாலு நாள் மழை பெய்து, கண்மாயில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நின்றது. துரை பாயை விரித்தார். படகின் அடியில் நடுவே மீன் துடுப்புப் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கடற்கரைப் பக்கம் அதை ஏரா என்பார்கள். அது மடைக் கல்லில் மோதி, படகோடு சேரும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துவிட்டது.

மரமென்றால் ஆசாரி இருக்கிறார். இதுவோ கண்ணாடி நாரில் நெய்த துணியைப் பிசினில் தோய்த்துச் செய்த படகு. ஊரில் ஒட்டுப் போடுகிறவன் யார் என்று விசாரித்து, துரையின் டிரைவர் என்னிடம் வந்தார்.

"இத மட்டும் சரியாச் செஞ்சுட்டியன்னா, துரை ஒன்னைய மெஷினுக்கு ஃபிட்டரா எடுத்துக்குவாருப்பா. மாசச் சம்பளம்."

உங்களில் மூத்தவள் அப்போது அம்மா வயிற்றில். கடைக்கு நாளொன்றுக்கு இரண்டு பஞ்சர் வந்தால் அதிசயம். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

துரை இரண்டு டப்பா பிசினும், அதை இறுக வைக்கும் மருந்தும், கண்ணாடி நார்த் துணியும் கொடுத்தார்.

"மருந்தக் கலந்ததும் தடவி, ஈரத்தோடயே துணிய ஒட்டணுமாம்" என்றார் டிரைவர்.

"அண்ணே, ஒட்டுப் போடுறதுக்கு எனக்கே பாடமா?" என்றேன்.

பஞ்சர் பார்க்கிறவனுக்குத் தெரிந்த வேதம் ஒன்றுதான்: தேய், சொல்யூஷன் தடவு, காயும்வரை கை வைக்காதே. உப்புத்தாளால் பிளவைச் சுற்றி நன்றாகத் தேய்த்தேன். அது சரி. மருந்தைக் கலந்து பிசினைத் தடவினேன். அதுவும் சரி. பிறகு, காயட்டும் என்று டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் பிசின் கல்லாகியிருந்தது. டப்பாவில் மீந்தது புகைந்துகொண்டிருந்தது. பிரஷ் அதற்குள் நட்டுவைத்த மாதிரி நின்றது.

"நல்லாக் காஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டார் டிரைவர்.

அதைத் தேய்த்து எடுக்கவே இருபது நாள் ஆயிற்று. இரண்டாவது டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஈரத்தோடு மூன்று அடுக்கு ஒட்டினேன். என் வேட்டி முனையும் நாலாவது அடுக்காகச் சேர்ந்துகொண்டது. கத்தரித்து எடுத்தோம்.

படகைக் கண்மாய்க்குத் தூக்கிப் போனபோது, அதற்குள் வற்றிப்போய் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. துரை ஏறியதும் ஏரா சேற்றில் குத்தி, படகு நின்றுவிட்டது. காற்று பாயை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. துரை கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு குனிந்து உள்பக்கம் தடவிப் பார்த்து, டிரைவரிடம் ஏதோ சொன்னார்.

"சொட்டுத் தண்ணி உள்ள வரலையாம். நாளைக்குக் காலைல மெஷினுக்கு வந்துரச் சொல்றாரு."

ஒட்டைச் சுற்றி இருப்பதே சேறுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். டிரைவர் என் காலை மிதித்தார்.

"நல்லதுங்க" என்று கும்பிட்டுவிட்டேன்.