ஆமிக்காரரின்ர தமிழ்ச் சோதனை

இண்டைக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சு தாராபுரம் வரேக்க, ரோட்டை மறிச்சுச் சோதிக்கிற சென்ரியில ஒரு ஆமிக்காரர் என்ர அடையாள அட்டையைப் பாத்திட்டு, "டீச்சரா? கொஞ்சம் நில்லுங்க" எண்டார்.

நிண்டன்.

அவர் நீட்டினது ஒரு வினாத்தாள். தமிழ் படிக்கிறாராம், சோதனை வருதாம்.

காகம் வெள்ளை எண்டு அரசன் சொல்ல, மந்திரி ஓமெண்டு தலையாட்டினானாம். ஏன்?
மறதி, மரியாதை, மகிழ்ச்சி, பயம்.

மறதியையும் மகிழ்ச்சியையும் ரெண்டு பேருமாச் சேந்து வெட்டினம்.

"அப்ப மரியாதை. சரிதானே, டீச்சர்?"

தோளில துவக்கு.

"ஓம், சரி" எண்டு தலையாட்டிட்டு வந்திட்டன். நான் தமிழ் படிப்பிக்கிறவள். வெக்கத்தில சோறு இறங்கேல்லை.

பிழையெண்டு தெரிஞ்சு நாளைக்கு மறிச்சுக் கேட்டால் என்னத்தைச் சொல்ல? மரியாதையில சொன்னனான் எண்டோ?