வாசலில் நின்று கேட்ட வீட்டுக்காரர்

விடியற்காலையில் முகப்பேரிலிருந்து போன். எங்கள் வீட்டுக்காரர் தனபால் சாரின் மகன் பேசினான். "அண்ணா, நைனா போயிட்டாரு. இங்க லிப்ட்ல ஐஸ் பெட்டி ஏறாது. அவரை அங்க இட்டுகினு வரட்டுமா?" அவர் கட்டிய வீட்டுக்கு அவரைக் கொண்டுவர என்னிடம் அனுமதி. எனக்கு அழுகைக்கு முன்னால் கூச்சம்தான் வந்தது.

எங்கள் கோவில்பதாகையில் சாரைத் தெரிந்த உங்களுக்கு அது புரியும். பத்தாவது தேறாத நான், குடிவந்த புதிதில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கக்கூட மாடிக்குப் போய் அவரைக் கேட்டேன். ராணுவத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர். சட்டப் புத்தகம் புரட்டுவதில் பிரியம். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துவந்து, என் பெயருக்குக் கீழே இருந்த 'வாடகைதாரர்' மேல் விரலை வைத்தார். அதிலுள்ள 'தார்' பாரசீகத்திலிருந்து வந்ததாம். வைத்திருப்பவர் என்று பொருளாம். இங்கிலீஷ்காரன் சொல்லும் 'டெனன்ட்'டுக்கும் மூலத்தில் அதே பொருள்தானாம். "கட்னது நானு. வாடகைக்கு உட்டப்புறம் வச்சிகினு கீறது நீ. ஆணிக்கெல்லாம் என்னைக் கேக்காத," என்றார். பெரிய மனிதனைப் போலத் தலையாட்டிவிட்டு வந்து, அந்த ஆணியை அடிக்கப் போய் வளைத்தேன்.

அதன்பின் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்தாலும், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்பார். "உங்க வீடு சார்," என்பேன். "உன் ஊடுய்யா," என்பார்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்தபோது, நேரே சுடுகாட்டுக்கு வண்டி பேசினேன். வாடகை வீட்டில் சாவை அனுமதிக்க மாட்டார்கள். ஊர் வழக்கம் அதுதானே. அம்மாவை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லையா என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சார் போன் செய்தார். "கூடத்துல இடம் பண்ணிட்டேன். அவ ஊட்டுக்கு அவளை இட்டுகினு வாப்பா."

மாடிப்படி ஏற முடியாமல் போனபிறகுதான் அவர் மகனுடைய பிளாட்டுக்குப் போனார்.

அதே கூடத்தில் அவருக்கு நான் இடம் பண்ணினேன். பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் பெட்டியைப் பார்த்து, "உங்க வீடு சார்," என்றேன். உள்ளே கொண்டுவந்தார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பழக்கத்தை மட்டும்தான். மகளின் அறைக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிறேன். முந்தாநாள் கதவைத் திறக்காமலே, "உங்க வீடுப்பா," என்றாள். அதற்குச் சொல்லவேண்டிய பதில் எனக்குத் தெரியும். அவள் அம்மாவை நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தவன் அதை எப்படிச் சொல்வது? அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.