சாகை வார்த்த அன்று என் கையில் மைக்

எனக்குக் கட்டைக் குரல். இன்று பாகூர்ப் பக்கம் எந்தக் கூட்டமானாலும் மேடையில் பேச என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் ஐந்தாம் வகுப்பில் அந்தக் குரலுக்காகவே எனக்குத் தவக்களை என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் கம்மென்று நிற்பேன். அடியைத் தாங்கிக்கொள்ளலாம், சிரிப்பைத் தாங்க முடியாது.

அப்போது பெரியம்மா வீட்டுப் பிள்ளை புதுச்சேரியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார். தான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு, பெற்றவர்கள் வைத்த பெயரையும் விட்டுவிட்டு, முகில் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவர். அன்றிலிருந்து பெரியப்பா அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் மாட்டை அவிழ்க்கச் சொன்னாலும் வெறும் "இந்தா"தான். ஊரோ பழைய பெயரை விடுவதாக இல்லை. முகில் என்று கூப்பிட்டது நாங்கள் மட்டும்தான்.

நாங்கள் என்றால் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கன்வாடித் தாழ்வாரத்தில் முகில் எங்களை உட்காரவைப்பார். கல்லூரியில் அவர் கூடப் படிக்கும் அக்காக்களும் சில நாள் வருவார்கள். பாடம் கீடம் ஒன்றும் கிடையாது. ஒவ்வொருத்தியும் எழுந்து தன் பெயரைச் சொல்லி, அந்த வாரம் தானாகச் செய்த காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாரும் சிரிக்கக் கூடாது. ஒருத்தி கன்றுக்குட்டியைத் தனியாகப் பிடித்துக் கட்டியதைச் சொன்னாள். இன்னொருத்தி அண்ணன் அடித்ததற்குத் திருப்பி அடித்ததைச் சொன்னாள். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

நான் வெகுநாள் வாயைத் திறக்கவில்லை. முகில் அவசரப்படுத்தவும் இல்லை. ஒரு நாள் மட்டும், "பாப்பா, உன் கொரலு ஏரிக்கரை வரைக்கும் கேக்கும். எனக்கு இருந்துச்சின்னா சும்மா வச்சினு இருப்பனா?" என்றார். அன்று எழுந்து என் பெயரைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டுக்குட்டிகளிடம்கூட என் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன்.

அந்த ஆடியில் ஊரில் சாகை வார்த்தல் வந்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். வீட்டுக்கு வீடு கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, குடத்தில் வேப்பிலை கட்டி, பம்பை முழங்கப் பெண்கள் தூக்கி வருவார்கள். கோயில் வாசலில் இருக்கும் பெரிய அண்டாவில் எல்லார் வீட்டுக் கூழும் ஒன்றாகச் சேரும். குடங்களை வாங்கி ஊற்றுவது பெரியப்பாவின் பொறுப்பு. ஒவ்வொரு குடம் வரும்போதும் இன்னார் வீட்டுக் கூழ் என்று மைக்கில் சொல்வது என் தாய்மாமாவின் வேலை.

முந்தின நாள் வாலிபால் போட்டிக்கு வர்ணனை செய்து கத்தியதில் மாமாவுக்குத் தொண்டை அடியோடு போய்விட்டது. நான் நீ என்று பையன்கள் மைக்குக்கு அடித்துக்கொண்டார்கள். மாமா என் கையைப் பிடித்து இழுத்து, காற்றாகப் பேசினார்.

"இவனுங்க கிட்ட குடுத்தா ஹலோ ஹலோன்னே பொழுத ஓட்டிடுவானுங்க. நீ சொல்லுடி. வரவங்க பேர கேட்டுச் சொல்லு, அவ்ளோதான்."

தென்னை மரங்களில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். தவக்களை என்று இனி ஊரே சொல்லும். ஓடிவிடலாமா என்று பார்ப்பதற்குள் தெருமுனை அத்தை குடத்தோடு வந்து நின்றுவிட்டார்.

"உங்க பேரு இன்னா அத்த?"

"இன்னாடி கேக்கற? மாமா பேர சொல்லு."

வீட்டு ஆண்களின் பெயரைத்தான் சொல்வது வழக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் எனக்கு.

"மாமாவா தூக்கினு வந்தாரு? நீங்கதான தூக்கினு வந்தீங்க?"

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "அஞ்சலாட்சி" என்றார், ஏதோ ரகசியம் போல.

"அஞ்சலாட்சி அவர்கள் வீட்டுக் கூழ் வந்துகொண்டிருக்கிறது!"

என் குரல் ஊரைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. அப்படியொன்றும் மோசமாக இல்லை. அடுத்து செங்கேணி. அதற்கடுத்து தையல்நாயகி. பெயரைக் கேட்டதும் சில பெண்கள் வேறு யாரையோ கேட்கிறேன் என்று திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். பிறகு வரிசையில் ஒரே சிரிப்பு. நான் கேட்பதற்கு முன்பே பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள்.

"இன்னாப்பா இது, ஆம்பளைங்க பேரெல்லாம் எங்க போச்சு?" என்று ஊர்ப்பெரியவர் ஒருவர் மாமாவிடம் வந்தார். மாமா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு வானத்தைப் பார்த்தார்.

கடைசியில் எங்கள் பெரியம்மா வீட்டுக் குடம் வந்தது. பெரியம்மா காய்ச்சலில் படுத்திருந்ததால் முகில் தூக்கி வந்தார். அவரிடம் நான் பெயர் கேட்க வேண்டுமா என்ன?

"முகில் அவர்கள் வீட்டுக் கூழ் வந்துகொண்டிருக்கிறது!"

பம்பை நின்றது. சிரிப்பு நின்றது. அவ்வளவு கூட்டமும் அசையாமல் நின்றது. என் குரலில் ஊரே சொக்கிப்போய்விட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு தடவை, இன்னும் உரக்கச் சொன்னேன்.

பெரியப்பா அண்டாவுக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு நின்றார். முகில் குடத்தைத் தானே இறக்கப் பார்த்தார். பெரியப்பா மெல்ல முன்னால் வந்து குடத்தின் அடியைத் தாங்கிக்கொண்டார்.

"முகிலு, பாத்து எறக்கு. சுடப்போவுது."

பக்கத்திலேயே நான் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தையும் ஏரிக்கரை வரைக்கும் போனது. பம்பைக்காரர் மறுபடி அடிக்கத் தொடங்கினார். முகில் அழுதுகொண்டே கூழ் ஊற்றினார். சூடு பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

எனக்கோ ஒரே கோபம். அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன், என் மைக்கில் பெரியப்பா குறுக்கே பேசிவிட்டாரே! சாயங்காலம் நேராகப் பெரியம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன். அவர் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் ஈரம்.

"எனக்கும் கேட்டுது. இன்னா சொன்னாருன்னு இன்னொரு வாட்டி சொல்லு."

"முகிலு, பாத்து எறக்கு."

"இன்னொரு வாட்டி சொல்லுடி என் கண்ணு."

காய்ச்சலில் பாவம் காது அடைத்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்து, தெருவுக்கே கேட்கும்படி இன்னும் சத்தமாகச் சொன்னேன்.