உன் வண்டிக்கு அது சேராது

அந்த உதிரிபாகக் கடைக்கு வரும் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் அவள் ‘கவுண்டர் அக்கா’. இருபத்து மூன்று வருடமாக அதே கவுண்டர், அதே உயரமான ஸ்டூல். வண்டியின் மாடலையும் வருடத்தையும் சொன்னால் போதும், கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள் பாகத்தின் எண்ணை ஒப்பித்துவிடுவாள்.

வேலையில் இப்படிக் கெட்டிக்காரி, மற்றபடி சரியான பயந்தாங்கொள்ளி. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டைப் பிடித்து, மனிதர் கொட்டாவி விடுகிறாரா என்று இறங்கும்வரை கவனித்துக்கொண்டே வருவாள். கல்யாணத்துக்கு முன்பு ஸ்கூட்டரில் பறந்தவள்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பயம் பிடித்தது அந்த ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான். நொறுங்கிய வண்டிகள் பட்டறைக்குப் போகும். என்னென்ன மாற்ற வேண்டும் என்ற பட்டியல் மட்டும் இவளுக்கு வரும். முன் பம்பர், ரேடியேட்டர், இடது விளக்கு என்றால் பெருமூச்சு விட்டுவிட்டு எழுதிக்கொள்வாள். கூடவே ஏர்பேக், சீட் பெல்ட் என்று வந்தால் பேனா மெதுவாகும். டிரைவர் சீட் கவரும் வேண்டும் என்றால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. கவர் எதனால் கெட்டிருக்கும் என்று அவள் கேட்டதே இல்லை.

இப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு மகள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவள், ஒருநாள் சாம்பல் நிறத்தில் ஒரு டர்போ காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். பழைய வண்டிதான், ஆனால் மிதித்தால் சீறும். அப்பா ஒரு சுற்று போய்வந்து, “விமானம்டி, விமானம்!” என்று குழந்தைபோலச் சிரித்தார். அம்மா ஏறவில்லை. வண்டி வந்து எட்டு மாதமாகியும் ஏறவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்பு மகள் கடைக்கே வந்தாள்.

“அம்மா, ஏர் ஃபில்டர் மாத்தணும். பேப்பர் வேணாம், துணில வருமே ஸ்போர்ட்ஸ் ஃபில்டர், அது இருக்கா?”

இருந்தது. நல்ல கம்பெனியுடையது, அந்த வண்டிக்கென்றே செய்தது, மூன்றாவது தட்டில் ஒன்றே ஒன்று. அதைப் போட்டால் வண்டியின் சத்தம் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். டிக்கியில் கிடக்கும் சாமான்களை இறக்கி வைத்தால் கிடைக்கிற வேகம்கூட அதில் கூடாது. இதெல்லாம் மற்றவர்களுக்கு அவளே எடுத்துச் சொல்லியிருக்கிறாள். ஆனால் ‘ஸ்போர்ட்ஸ்’ என்ற சொல் மகளின் வாயிலிருந்து வந்ததும் அவளுக்கு டிரைவர் சீட் கவர்தான் நினைவுக்கு வந்தது.

“உன் வண்டிக்கு அது சேராது. மூடி உட்காராது” என்றாள், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே.

“அப்படியா? நெட்டுல சேரும்னு போட்டிருந்துச்சே.”

“நெட்டுக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன்ல. பேப்பரே போடு.”

மகள் நம்பிவிட்டாள். அம்மா சொன்னால் எண் தப்பாது என்று கேட்டே வளர்ந்தவள். பேப்பர் ஃபில்டரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர், வாய் ஓயாததால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கியவர், மூன்றாவது தட்டை ஒரு தரம் பார்த்தார். அந்த ஒரு தடவை எதுவும் பேசவில்லை.

முதன்முதலாக அம்மா ஒரு பாகத்தைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தாள். குற்றவுணர்ச்சி வரும் என்று பார்த்தால் நிம்மதிதான் வந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வியாழக்கிழமை மகளுக்கு விடுமுறை. சிநேகிதியைப் பார்க்க மலைப்பாதையில் கிளம்பியவள், கிளம்பும் முன் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கவுண்டரில் கூட்டம் குறைந்து பத்தரை மணிக்குத்தான் அம்மா அதைப் பார்த்தாள். ஏர் ஃபில்டர் பெட்டி திறந்திருந்தது. உள்ளே சிவப்புத் துணி ஃபில்டர் ஒன்று. கீழே எழுதியிருந்தாள்: ‘சேராதுன்னு சொன்னல்ல, சேர்ற மாதிரி ஒண்ணு ஆன்லைன்ல தேடிப் பிடிச்சிட்டேன். நானே மாட்டினேன். உன் பொண்ணாச்சே!’

அம்மா படத்தைப் பெரிதாக்கினாள். பேர் தெரியாத மலிவுச் சரக்கு. துணியின் மடிப்புகளில் எண்ணெய் மினுங்கியது. ஒரு மூலையில் சொட்டாகவே நின்றது. எண்ணெய் அளவாக இருந்தால் தூசியைப் பிடிக்கும். இப்படி வழிந்தால் காற்றோடு போய், உள்ளே வரும் காற்றை அளக்கிற சென்சாரில் படியும். சென்சார் தப்பாக அளந்தால் எஞ்சின் திணறும், மிதிக்க மிதிக்க இழுக்காது. ஊருக்குள் என்றால் ஓரங்கட்டிவிடலாம். மலைப்பாதையில், லாரியை முந்தும்போது, எதிரே இன்னொன்று வரும்போது?

போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதே என்று மகளுக்குத் தலையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தவளே இவள்தான். ஒன்பது தடவை போட்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கடை போன் அடித்தது. பட்டறைக்காரன்.

“அக்கா, ஒரு லிஸ்ட் எழுதிக்குங்க.” மகள் வைத்திருக்கும் அதே மாடலைச் சொன்னான். அதே வருடம். “பானெட், ரெண்டு ஹெட்லைட்டு, முன் கண்ணாடி…”

எழுதினாள்.

“டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட்டு. அப்புறம் டிரைவர் சீட் கவர்.”

பேனா நின்றுவிட்டது. விபத்தான வண்டி பட்டறைக்கு வந்து பட்டியல் போடவே இரண்டு நாளாகும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்து என்ன, கேட்காமல் இருக்க முடியவில்லை.

“வண்டி என்ன கலர்?”

“கலர் எதுக்குக்கா? பானெட்டு பெயின்ட் இல்லாமத்தானே வரும்.”

“கலர் சொல்லுடா!”

கடையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம் அவன் எட்டிப் பார்த்துவிட்டு வர எத்தனை நேரம் ஆனதோ. “வெள்ளைக்கா. ஏன்க்கா, என்னாச்சு?”

“அப்பாடா” என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது, வெள்ளை வண்டியை ஓட்டியதும் யாரோ பெற்ற பிள்ளை. கூசிப்போய் போனை வைத்தாள்.

இரண்டு மணிக்கு சாம்பல் நிற வண்டியை ஒரு டிரக் சுமந்துகொண்டு வந்து கடை முன்னால் நின்றது. மகள் இறங்கினாள். அம்மா ஓடிப்போய் அவள் கை, தோள், முகம் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“ஒண்ணும் ஆகலம்மா.” உதடு வெளுத்திருந்தது. “லாரியை முந்தப் போனேன். பாதில வண்டி செத்துப்போச்சு. மிதிக்கிறேன், போகவே மாட்டேங்குது. எதிர்ல ஒரு பஸ்ஸு. அந்த டிரைவர் பஸ்ஸை மண்ணுல இறக்கிட்டாரு. அவர் இறக்கலேன்னா…” டிரக் மேலிருந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். “உன்கிட்ட கேட்டும் நான் வேற ஒண்ணை வாங்கினேன் பாரு. என் தப்புதான்.”

அப்படியே விட்டிருக்கலாம். மகளே பழியை எடுத்துக்கொண்டாள், ரேடியோவும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் அந்த வெளுத்த உதட்டைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா நிற்க முடியவில்லை.

“அது சேரும்டி” என்றாள்.

“எது?”

“நீ கேட்ட ஃபில்டர். அன்னைக்கே இங்கதான் இருந்துச்சு. நல்லது. இந்த மாதிரி எண்ணெய் வழியாது. எனக்குப் பயம். அதான் பொய் சொன்னேன்.”

மகள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தாள். இரண்டும் இல்லை. அம்மா விறுவிறுவென்று உள்ளே போய் மூன்றாவது தட்டிலிருந்த பெட்டியையும், புது சென்சாரையும் எடுத்து வந்து நீட்டினாள். மகள் வாங்கவில்லை. அம்மாவைத் தாண்டிப் பக்கத்துக் கவுண்டருக்குப் போனாள்.

“மாமா, இது ரெண்டும் என் வண்டிக்குச் சேருமான்னு நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”

ரேடியோ சங்கடத்தோடு அக்காவைப் பார்த்தார். அவள் பெட்டிகளை அவர் முன்னால் வைத்தாள். அவர் பாக எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சத்தம்போட்டுப் படித்துக் கம்ப்யூட்டரில் தட்டினார். மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கடைசி இலக்கம்வரை சரிபார்த்துக்கொண்டு நின்றாள்.