மோட்டார் சாவி

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவள். எது கெட்டுப்போனாலும் என்னைத்தான் கேட்பார்கள் என்ற பயம் அப்போதிருந்தே உண்டு. அதனால் கெடுவதற்கு முன்பே கவலைப்பட ஆரம்பித்துவிடுவேன்.

கோவையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் காம்பவுண்டில் நான்கு வீடுகள். ஒரே போர், ஒரே மோட்டார், மேலே ஒரே டேங்க். சிறுவாணித் தண்ணீர் குடிக்க மட்டும்தான் ஆகும். மற்றதெல்லாம் போர்த் தண்ணீர். டேங்க் காலியாகிவிடுமோ என்ற பயத்தில், குடிவந்த மூன்றாம் மாதமே மோட்டார் பெட்டியின் சாவியை வீட்டுக்காரரிடம் நானாகக் கேட்டு வாங்கினேன். காலை ஐந்தரைக்குப் போடுவேன். வழிவதற்கு முன் ஓடிப்போய் அணைப்பேன்.

"அம்மணி இருக்கறப்ப நமக்கென்னுங்க கவலை" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போன சித்திரையில் மோட்டார் எரிந்துபோனது. தூக்கிப் பார்த்த மெக்கானிக், பழைய மோட்டார், உள்ளே காயில் கம்பி கருகிவிட்டது, பதினோராயிரம் ஆகும் என்றார். மாலையில் வீட்டுக்காரர் வந்தார். திட்டவில்லை. நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"ஏனுங்க அம்மணி, மோட்டார் போடறது யாருங்க?"

"நாந்தானுங்க."

"அப்ப நீங்களே ஒரு நாயத்தச் சொல்லுங்க."

"பழசாயிருச்சுன்னு மெக்கானிக் சொன்னாருங்க."

"பத்து வருசமா ஓடுச்சுங்களே. உங்க கைக்குச் சாவி வந்தப்பறந்தானுங்க போச்சு. சங்கடமா இருந்தாச் சொல்லிப்போடுங்க கண்ணு, வேற ஊடு பாத்துக்கலாம். நானொண்ணும் வெரட்டலீங்க."

மகள் அந்த ஜூனில் பன்னிரண்டாவதுக்குப் போக இருந்தாள். பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரம். அவள் பரீட்சை முடியும்வரை இந்த வீடு எனக்கு வேண்டும். அது அவருக்கும் தெரியும்.

மற்ற மூன்று வாசல்களிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். நாலாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று யாராவது ஒருவர் சொல்வார் என்று பார்த்தேன். அக்கா கொடியில் துணி எடுக்கப் போய்விட்டார். மாடி வீட்டு அண்ணன், யாரும் கேட்காமலே, "நாங்க அந்தப் பொட்டிப் பக்கமே போனதில்லீங்க" என்றார்.

அத்தனையும் எங்கள் அட்வான்ஸில் கழிந்தது. "உன்னைய யாரு சாவி கேக்கச் சொன்னா?" என்று மட்டும் கேட்டார் கணவர்.

மறுநாளே சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். மோட்டார் போட வீட்டுக்காரர் ஓர் ஆளை வைத்தார். அதற்கு மெயின்டனன்ஸ் என்று வீட்டுக்கு மாதம் முந்நூறு ஏறியது. அப்போதுதான் மூன்று வீடுகளுக்கும் வாய் திறந்தது.

"சாவியக் குடுத்துப்போட்டு எங்க தலைலயும் கட்டி உட்டுட்டீங்களே அம்மணி" என்றார் அக்கா, சிரித்துக்கொண்டே.

பரீட்சைக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. மோட்டார் போடும் ஆள் சில காலைகளில் வருவதில்லை. டேங்க் வறண்டு, குழாயில் காற்றுதான் வருகிறது. எனக்கு அதெல்லாம் முன்கூட்டியே தெரியும். முந்தின மாலையே ஏழு குடம் பிடித்துத் தட்டுப் போட்டு மூடி வைத்துவிடுகிறேன்.

நேற்று அக்கா வாளியோடு வாசலில் வந்து நின்றார். "ஒரு கொடம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க்கா" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.