மருந்து ரூம் வாசலில் ஒரு பரீட்சை

விருதுநகரில் எங்கள் அத்தாவுக்கு வத்தல் மண்டி. மூன்று மகன்களில் வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவன் என்று என்னைத்தான் கழித்துவிட்டார். வேதியியல் படித்தேன், டுடோரியலில் சில வருடம் தொண்டை வறளப் பாடம் நடத்தினேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க ஆள் தேடினார்கள். அங்கே தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்று பெயர். வெடிமருந்து வெறும் மருந்துதான். பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குப் பாடம் நடத்துவது சுலபம், சேட்டை செய்யமாட்டார்கள் என்று நினைத்துப் போனேன்.

நான்கு நாள் பயிற்சிக்கு நானே திட்டம் போட்டேன். உச்சி வெயிலுக்கு முன்பே மருந்து வேலையை நிறுத்திவிடுவார்கள். ஆகவே சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பாட்டுக் கொட்டகையில் வகுப்பு. கரும்பலகை, உடம்பில் மின்சாரம் சேரும் விதத்துக்கு ஒரு படம், கடைசி நாளில் எழுத்துப் பரீட்சை, சான்றிதழ், குரூப் போட்டோ. முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்டார்கள். எதைச் சொன்னாலும் “சரிங்க சார்” என்றார்கள். புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

போட்டோக்காரர் காலையில்தான் வர முடியும் என்றதால் கடைசி நாள் மட்டும் பரீட்சையைக் காலையில் வைத்தேன். பரீட்சையும் போட்டோவும் என்றால் விசேஷம்தானே? இருபத்தொன்பது பெண்கள் பீரோவில் இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். எல்லாம் பளபளக்கும் பாலியெஸ்டர். மருந்து ரூமுக்குள் அந்தத் துணி ஆகாது, உரசினால் பொறி வரும் என்று முந்தின நாள்தான் படம் போட்டு விளக்கியிருந்தேன். அவர்கள் சேலையைப் பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டேன், வெட்கக்கேடு.

ஒருவர் மட்டும் வெளுத்துப்போன நூல் சேலையில் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். குழாயில் மருந்து செலுத்துகிற வேலையில் இருபது வருடம். பரீட்சைத் தாளில் தன் பெயரை மட்டும் மெதுவாக எழுதிவிட்டு, பேனாவை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போட்டோ முடிந்து எல்லாரும் வேலைக்குக் கிளம்பியபோது அவர் முந்திப் போய் மருந்து ரூம் வாசலை மறித்து நின்றார்.

“ஒருத்தியும் உள்ள போகக் கூடாது. போயி பழைய சேலைய மாத்திட்டு வாங்க. ஏ புள்ள, கொண்டைல என்ன, இரும்பு ஊசியா? கழத்து.”

ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. கொட்டகையில் வைத்திருந்த வேலைச் சேலைக்கு மாறி வந்து, உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்க வாசலில் இருந்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தினமும் காலையில் இது நடக்குமாம். அவரை யாரும் நியமிக்கவில்லை. மத்தியானம் மட்டும் வந்துபோன எனக்கு அது தெரியாது. பின்னாலேயே போன என்னையும் நிறுத்தினார்.

“சார், நீங்களும் அங்கனயே நில்லுங்க. உங்க பேண்டு ஆகாது.”

பெண்கள் சிரித்தார்கள். நான் போட்டிருந்ததும் பாலியெஸ்டர்தான். எனக்குச் சுருக்கென்றது.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு மதிப்பெண்களை உரக்க வாசித்தேன். முதலிடம், காரியாபட்டியிலிருந்து வேனில் வரும் ஒரு சின்னப் பெண், இருபதுக்குப் பதினெட்டு. கடைசியில் அந்த அம்மாவின் பெயர், பூஜ்யம். கோபத்தில் வாசிக்கவில்லை, அதுதான் முறை என்று அன்று நம்பினேன். இப்போது நம்பவில்லை. அவருக்கு எழுதப் படிக்க வராது என்று எனக்குத் தாளைப் பார்த்ததுமே தெரிந்திருந்தது.

திங்கள்கிழமை அடுத்த பயிற்சிக்கான வேலையாகக் காலையிலேயே போனேன். அவர் வாசலில் நின்றிருந்தார். பதினெட்டு வாங்கிய பெண் வந்தாள். நூல் சேலைதான், ஆனால் அடியில் சிந்தடிக் பாவாடை எட்டிப் பார்த்தது.

“பாவாடைய மாத்திட்டு வா.”

“நீங்கதான் பெயிலாச்சே யக்கா, எனக்கு வந்து சொல்றீக” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் லேசாகச் சிரித்தார். பிறகு வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

நான் ஓடிப்போய் அந்தப் பெண்ணைத் தடுத்துத் திருப்பி அனுப்பினேன். எப்போதும்போல வாசலில் நில்லுங்கள் என்று அந்த அம்மாவிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

“நீங்க நிக்கச் சொன்னா நிப்பேன் சார். பெயிலான ஆளு சொன்னா அவக கேக்கணுமே? அம்புட்டுப் பேருக்கு முன்னால வாசிச்சுப்புட்டீகளே.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நான் போட்ட எந்தப் பயிற்சியிலும் தாளும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. கொட்டகையை விட்டு வகுப்பையே வாசலுக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் நூல் துணியில் வந்து, தகட்டைத் தொட்டு, ஒருவரை ஒருவர் சோதித்துக் காட்ட வேண்டும். வெளியூர் கம்பெனிகளில்கூடப் பாராட்டினார்கள்.

ஆனால் அந்தத் திங்கள்கிழமை மத்தியானமே இன்னொன்றும் செய்தேன். முப்பது பேரையும் கூட்டி, அந்தப் பரீட்சையே தப்பு, தப்பாகக் கேட்டவன் நான், இந்த அம்மா சொல்வதை முன்போலவே நீங்கள் கேட்க வேண்டும் என்று சொன்னேன். நூல் வேட்டிதான் கட்டியிருந்தேன்.

எல்லாரும் என்னைப் பார்த்து, பயிற்சியில் சொன்ன அதே மாதிரி, “சரிங்க சார்” என்றார்கள்.